குடுமி யார் கையில்

இந்தக் கட்டுரைக்கான காரணம் அற்பமானது. நெம்மேலியில் இருக்கும் என் தங்கை மகன், டிப்ளமோ படித்தவன், பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கம்பெனிக்கு நேர்முகத் தேர்வுக்குப் போனான். இரு பக்கமும் ஒட்ட வழித்து, உச்சியில் அடர்த்தியாக விட்டு, முன்னால் கொஞ்சம் செம்பட்டைச் சாயம் ஏற்றியிருந்தான். கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லியிருக்கிறான். கடைசியில், முடியை ஒழுங்காக வெட்டிக்கொண்டு வா, பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டார்கள். திரும்பி வந்தவன் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு கேட்டான்: "மெஷினைக் கையாலதான ஓட்டப் போறேன். முடிக்கும் வேலைக்கும் இன்னா மாமா சம்பந்தம்?"

சம்பந்தம் உண்டு, அது பழையது என்றேன். அவனுக்கு அது பதிலாகப் படவில்லை. எனக்கும்தான். அந்தக் கேள்வியைத் தள்ளிவிட முடியாததற்கு எனக்குச் சொந்தக் காரணம் ஒன்று உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

'ஒழுங்காக' என்ற சொல்லிலிருந்து தொடங்கலாம். எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு பழைய புகைப்படம் இருந்தது. அதில் என் கொள்ளுத் தாத்தா குடுமியோடு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். பின்னால் நிற்கும் தாத்தாவுக்குக் கிராப்பு. கிராப்பு வெட்டிக்கொண்டு வந்த அன்று அவரை வீட்டுக்குள் விடவில்லை என்று பாட்டி சொல்வாள். அந்தத் தலைமுறையில் ஒழுங்கின் பெயர் குடுமி. அடங்காப்பிடாரித்தனத்தின் பெயர் கிராப்பு. இன்று ஒழுங்கு என்று கம்பெனிக்காரர் கேட்பது அந்த அடங்காப்பிடாரியின் தலையைத்தான்.

குடுமியும் சும்மா இருந்ததில்லை. 19ஆம் நூற்றாண்டில், கிறிஸ்தவத்துக்கு மாறியவர்கள் குடுமியை வைத்துக்கொள்ளலாமா என்று மிஷனரிகளுக்குள் பெரிய சர்ச்சை நடந்தது. அது அஞ்ஞானத்தின் அடையாளம், அறுத்தெறிய வேண்டும் என்றார்கள் ஒரு சாரார். கால்டுவெல் இதற்காகவே ஒரு கட்டுரை எழுதி, குடுமி மதச் சின்னமல்ல, நாட்டு வழக்கம் மட்டுமே என்று வாதிட்டார். ஒரு மனிதனின் தலையில் இருப்பது அலங்காரமா விசுவாசமா என்று வேறு சிலர் கூடித் தீர்மானிக்கிறார்கள். தலைக்குச் சொந்தக்காரனின் அபிப்பிராயம் அந்தச் சர்ச்சையில் முக்கியமாக இருந்ததாகத் தெரியவில்லை.

உத்தியோகத்துக்கும் தலைமயிருக்கும் உள்ள உறவுக்கு ராமானுஜனைவிட நல்ல உதாரணம் இல்லை. 1912 மார்ச் 1ஆம் தேதி அவர் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்துக்கு க்ளார்க்காகச் சேர்ந்தார், குடுமியோடு. வெள்ளைக்காரர் தலைமையிலிருந்த அந்த ஆபீசில் குடுமி யாருக்கும் உறுத்தவில்லை. கணக்கு எழுதும் பிராமணப் பையனின் தலை அப்படித்தான் இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். இரண்டு வருஷம் கழித்து, 1914 மார்ச் 17ஆம் தேதி, இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார். அதற்குள் குடுமி போய்விட்டது. அம்மாவும் மனைவியும் முன்பே கும்பகோணத்துக்கு அனுப்பப்பட்டிருந்தார்கள். கிராப்புத் தலையை அவர்கள் பார்க்கவில்லை. கேம்பிரிட்ஜ் கேட்டது அந்தத் தலைக்குள் இருந்ததை. ஆனால் அதைக் கொண்டுபோய்ச் சேர்க்க, வெளியே இருந்ததைக் களைய வேண்டியிருந்தது.

இதுவரை சொன்னது, வெட்டிக்கொண்டு உள்ளே வா என்ற கதை. இதற்கு நேர்மாறான கதை ஒன்றும் நம்மிடம் இருக்கிறது. குடுமியைப் பற்றிப் பெருமூச்சு விடுகிறவர்கள் அதைச் சொல்வதில்லை.

1930 டிசம்பரில் ராமநாதபுரம் ஜில்லாவில் ஆதிக்கச் சாதியார் ஆதிதிராவிடர்கள் மீது எட்டுத் தடைகளை விதித்தார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஹட்டன், சாதியைப் பற்றிய தம் நூலில் அவற்றை வரிசைப்படுத்தியிருக்கிறார். தங்கம், வெள்ளி நகை கூடாது. முழங்காலுக்குக் கீழே வேட்டி கூடாது. சட்டை, பனியன் கூடாது. குடை, செருப்பு கூடாது. இவற்றோடு ஒன்று: தலையைக் கிராப்பு வெட்டிக்கொள்ளக் கூடாது. மீறியவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன. 1931இல் தடைகள் பதினொன்றாயின. பிள்ளைகள் படிக்கக் கூடாது. மிராசுதாரின் பண்ணையில் அடிமையாக உழைக்க வேண்டும். வேலை நேரம் காலை 7 மணி முதல் மாலை 6 மணி வரை. கூலி ஆணுக்கு 4 அணா, பெண்ணுக்கு 2 அணா.

இரண்டு பட்டியல்களையும் சேர்த்து வாசிக்க வேண்டும். முதல் பட்டியல் தலையையும் உடம்பையும் பற்றியது. இரண்டாவது வேலையைப் பற்றியது. முதலாவது இல்லாமல் இரண்டாவது நிற்காது. கிராப்பு வைத்தவன் எந்த ஊர்க்காரன், யார் பண்ணையாள் என்று பார்த்தவுடன் தெரியாது. அவன் மில்லுக்குப் போகலாம், பட்டாளத்துக்குப் போகலாம், ரங்கூனுக்கோ பினாங்குக்கோ கப்பல் ஏறலாம். பண்ணையாருக்குப் பயம் தலைமயிரைப் பற்றியதல்ல. களத்தில் ஆள் குறையும் என்பதே. தலைமயிரின் சட்டம் எப்போதும் கூலியின் சட்டத்துக்கு முன்னுரையாகவே வந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

நம் மக்கள் கப்பல் ஏறிப் போன இடத்திலும் கத்தரி காத்திருந்தது. 1970களில் சிங்கப்பூர் அரசு ஆண்களின் நீண்ட முடிக்கு எதிராக இயக்கமே நடத்தியது. நீண்ட முடி வைத்த ஆண்கள் கடைசியாகத்தான் கவனிக்கப்படுவார்கள் என்ற அறிவிப்பு அரசு அலுவலகங்களில் தொங்கியது. 1972இல் லெட் செப்பலின் என்ற இசைக்குழுவைத் தலைமயிருக்காகவே நாட்டுக்குள் விடவில்லை. ஹிப்பி என்றால் சோம்பேறி, சோம்பேறி என்றால் தொழிற்சாலைக்கு ஆகாதவன் என்பது வாதம். நீண்ட முடி காதை மறைத்தால் காது கேட்காது என்று யாரும் சொல்லவில்லை. சொன்னால் கேட்கமாட்டான் என்பதே சந்தேகம்.

மதம் துணைக்கு வந்தால் முடிக்குக் கொஞ்சம் பாதுகாப்பு உண்டு. முடி வெட்டவோ முகம் மழிக்கவோ மதமே தடைசெய்தால் விலக்குத் தருகிறது நம் விமானப்படையின் விதி. சீக்கியருக்கு அது பொருந்தும். தாடி வைத்துக்கொள்ளக் கேட்ட முஸ்லிம் வீரர் ஒருவருக்குப் பொருந்தாது என்று 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. என் தங்கை மகனின் செம்பட்டைக்கு வேதமும் இல்லை, ஸ்மிருதியும் இல்லை. பிடித்திருக்கிறது என்பதைத் தவிர அவனிடம் வேறு சாட்சியம் கிடையாது.

அவனைப் போன்ற தலைகளை இன்று 'புள்ளிங்கோ' என்று ஒரு சொல்லால் அடித்துவிடுகிறார்கள். அது சிகையைக் குறிப்பதாகப் பாவனை செய்கிறது. குறிப்பது பேட்டையையும் வீட்டையும்தான். இதே கடற்கரையில், மாமல்லபுரத்தில், 2023 ஆகஸ்டில் பன்னாட்டு அலைச்சறுக்குப் போட்டி நடந்தது. வெயிலிலும் உப்பிலும் வெளுத்த நீண்ட முடி அங்கே தொழில் லட்சணம். அலைச்சறுக்குக் கற்றுக்கொடுக்கும் குப்பத்துப் பையனின் செம்பட்டையைப் பார்த்து, வெட்டிக்கொண்டு வா என்று சொல்பவர் இல்லை.

இனி என் காரணம். பல வருஷங்களுக்கு முன், நான் வேலை பார்த்த இடத்தில் ஆளெடுக்கும் குழுவில் என்னையும் உட்கார வைத்தார்கள். மதிப்பெண் தாளில் 'தோற்றம்' என்று ஒரு கட்டம், பத்து மார்க். கழுத்து வரை முடி வளர்த்த ஒரு பையன் வந்தான். நன்றாகப் பதில் சொன்னான். நான் அந்தக் கட்டத்தில் மூன்று போட்டேன். யாரும் என்னைப் போடச் சொல்லவில்லை. அவனுக்கு வேலை கிடைக்கவில்லை. மூன்று மார்க்குதான் காரணம் என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. நானும் அப்போது புதுக்கவிதை படித்துக்கொண்டிருந்தவன். மரபை மீறுவது பற்றி ராத்திரியெல்லாம் பேசிக்கொண்டிருந்தவன்.

மாமல்லபுரத்தில் திரௌபதி ரதத்தின் உள்சுவரில் கொற்றவையின் காலடியில் ஒருவன் மண்டியிட்டிருக்கிறான். ஒரு கையால் தன் மயிரைப் பற்றிக்கொண்டு, மறு கையால் தன் தலையைத் தானே அரியப் போகிறான். குடுமி இன்னொருவன் கையில் என்று வசனம் உண்டு. அந்தக் கல்லில் குடுமி அவன் கையிலேயே இருக்கிறது. அதனால்தான் அந்தக் காட்சி நமக்குப் பரிச்சயமாக இருக்கிறதோ என்னவோ.

தங்கை மகன் மறுநாள் முடிவெட்டும் கடைக்குப் போனான். நானும் கூடப் போனேன். செம்பட்டை முழுவதும் தரையில் விழுந்த பிறகு கண்ணாடியில் என்னைப் பார்த்து, "இப்ப ஓகேவா மாமா?" என்றான். காசை நான் கொடுத்தேன். அந்த மூன்று மார்க்கைப் பற்றி அவனிடம் இன்னும் சொல்லவில்லை.