சிறுமலரம்மா படத்தில் இல்லாதது

இன்று அக்டோபர் 1, குழந்தை தெரசம்மாள் திருநாள். நாளை காந்தி ஜெயந்தி. 1965இல் சேலத்திலிருந்து பிரிந்து எங்கள் தருமபுரி மாவட்டம் உருவானதும் அந்த அக்டோபர் 2இல்தான். மாவட்டக் கதையை நாளை எழுதுகிறேன். இன்று தெரசம்மாள்.

பாலக்கோடு பக்கத்தில் இருந்த எங்கள் ஓட்டு வீட்டுச் சுவரில் மூன்று படங்கள். திரு இருதய ஆண்டவர், வேளாங்கண்ணி மாதா, அப்புறம் கை நிறைய ரோஜாப்பூவும் பாடுபட்ட சுரூபமும் ஏந்தி லேசாகப் புன்னகைக்கும் இந்தப் பெண். அம்மாவுக்கு அவர் 'சிறுமலரம்மா'. எழுதப் படிக்கத் தெரியாத அம்மாவுக்கு பிரான்ஸ் எங்கே இருக்கிறது என்றும் தெரியாது.

அங்கே அலென்சோன் நகரில் 1873 ஜனவரி 2இல் பிறந்து, 15 வயதில் லிசியே ஊர் கார்மேல் மடத்தில் நுழைந்து, அதன் பிறகு வெளியே வராமலே 24 வயதில் காசநோயால் இறந்தவர் தெரசம்மாள். அப்படிப்பட்டவர் எங்கள் கேழ்வரகுக் காட்டுக்கு எப்படி வந்து சேர்ந்தார்?

1896இல், சீனாவுக்குப் புறப்பட இருந்த அடால்ப் ரூலான் என்ற இளம் குருவுக்காகச் செபிக்கும் பொறுப்பை மடத்துத் தலைவி இவரிடம் கொடுத்தார். இருவரும் அண்ணன் தங்கை போலக் கடிதம் எழுதிக்கொண்டார்கள். அவர் வேலை செய்யப்போகும் சிச்சுவான் நிலப்படத்தை, தாம் வேலை செய்யும் அறையில் மாட்டி வைத்திருந்தார் தெரசம்மாள். ரூலான், எம்.இ.பி. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் பாரிஸ் அயல்நாட்டு மறைபரப்புச் சபையைச் சேர்ந்தவர். 1776இல் புதுச்சேரிப் பணியை ஏற்ற சபையும் அதுதான். 1930இல் சேலம் மறைமாவட்டம் அமைந்தபோது அதன் முதல் ஆயரான புருனியேயும் அந்தச் சபைக்காரரே. எங்கள் தருமபுரி, சேலத்திலிருந்து தனி மறைமாவட்டமாகப் பிரிந்தது 1997இல். மடத்தில் நுழைந்தபின் வெளியே போகாத தெரசம்மாளை 1925இல் புனிதராகவும், 1927இல் மறைபரப்புப் பணிகளின் பாதுகாவலராகவும் அறிவித்தார் திருத்தந்தை 11ஆம் பத்தி நாதர். அந்தப் பிரெஞ்சு சாமியார்களுக்கு இவர் தங்கள் வீட்டுப் பெண் மாதிரி இருந்திருப்பார் என்பது என் எண்ணம். சேலத்துப் பள்ளிக்குச் 'சிறுமலர்' என்று பெயர் வந்ததில் எனக்கு வியப்பில்லை.

இனி என் வீட்டுக் கதை.

1972இல் என் அக்கா டி.பி.யில் இறந்தாள். வயது 19. நோய்க்கு மருந்து இல்லாத காலமல்ல அது. வீட்டிலிருந்தபடியே மாத்திரை தின்று குணமாகலாம் என்பதைச் சென்னைச் சேத்துப்பட்டு ஆராய்ச்சி மையம் 1959லேயே காட்டிவிட்டது. அக்காவும் மாத்திரை சாப்பிட்டாள். மூன்று மாதத்தில் இருமல் நின்றது. சிறுமலரம்மா சுகம் கொடுத்துவிட்டார் என்று அம்மா மாத்திரையை நிறுத்திவிட்டார். மறு வருஷம் ரத்தமாகக் கக்கினாள்.

அடக்கம் முடிந்த அன்று இரவு அம்மா அந்தப் படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தார். ஒரு வருஷம் கோயிலுக்கும் போகவில்லை. "விசுவாசம் இல்லாதவள்" என்று ஊரில் பேசினார்கள். பிறகு படத்தை நேராகத் திருப்பினார், பூசைக்கும் போனார். ஆனால் தெய்வத்தை முகம் திருப்பி வைத்த பாவி என்ற எண்ணம் அவரைக் கடைசிவரை விடவில்லை.

ஓய்வு பெற்ற பிறகுதான் தெரசம்மாளின் வரலாற்றை நான் முறையாகப் படித்தேன். அவர் எழுதிவைத்த தன்வரலாறு 1898இல் அச்சானபோது அவருடைய அக்கா போலின் நிறையத் திருத்தியிருந்தார். மூலப் பிரதி அப்படியே வெளிவந்தது 1956இல். படங்களின் கதையும் இதேதான். இன்னொரு அக்கா செலின் 1894இல் மடத்துக்குள் கேமராவோடு வந்து தங்கையை எடுத்த புகைப்படங்கள் பல உண்டு. பிறகு அவரே அவற்றை மெருகேற்றினார், ரோஜா ஏந்திய உருவத்தையும் வரைந்தார். திருத்தாத புகைப்படங்கள் 1961இல்தான் வெளியே வந்தன. அவற்றில் இருப்பவர் உறுதியான தாடை கொண்ட, களைத்துப்போன ஒரு பெண். எனக்கு அந்த முகம்தான் பிடிக்கிறது.

1896 ஏப்ரலில், பெரிய வியாழன் இரவில் முதன்முதலாக ரத்தம் கக்கினார். சில நாளில் வந்த பாஸ்கா காலத்தில் அவருடைய விசுவாசமும் இருண்டுபோனது. மோட்சம் என்று ஒன்று உண்டா என்ற கேள்வி, சாகும்வரை 18 மாதம் அவரை வாட்டியது. அதை அவரே எழுதியிருக்கிறார். கடைசி வாரங்களில் வலி தாங்காமல், இப்படிப்பட்ட நோயாளிகள் கைக்கெட்டும் இடத்தில் விஷ மருந்து வைக்காதீர்கள் என்று மடத்துச் சகோதரிகளிடம் சொன்னார். 1997இல் அவரைத் திருச்சபையின் மறைவல்லுநராக அறிவித்தார்களே, இதையெல்லாம் சொன்னவரைத்தான்.

அம்மா 1994இல் இறந்தார். இதில் ஒரு வரியையும் அவருக்கு நான் வாசித்துக் காட்ட முடியவில்லை. அவர் திருப்பி வைத்த படம், கண்ணாடி ஓரம் விரிந்து, இப்போது என் மேசைக்கு மேலே இருக்கிறது. பக்கத்தில், மகன் பிரிண்ட் எடுத்துத் தந்த அந்தக் களைத்த முகத்தையும் மாட்டியிருக்கிறேன்.