கடைசி வயலில் தெரியும் பழுது

ஒரு ரவுட்டரிலிருந்து சம வேகமுள்ள இரண்டு இணைப்புகள் புறப்பட்டாலும், ஒன்று திணற மற்றது சும்மா கிடப்பதுண்டு. அனுப்பும், பெறும் முகவரிகளைக் கணக்கிட்டு ஒவ்வொரு தொடர்பையும் முழுதாக ஒரே வழியில் விடுவது ரவுட்டரின் வழக்கம். பெரிய தரவிறக்கம் ஒரு பக்கம் விழுந்தால் அந்தப் பக்கம் நிரம்பிவிடும். ஆகவே இன்னொரு இணைப்பு வாங்குமுன், எதை அலகாக வைத்துப் பங்கிடுகிறோம் என்று பார்க்க வேண்டும். கிழக்கிலங்கையின் கல்முனை, சம்மாந்துறை, நிந்தவூர் வயல்களில் தண்ணீரைப் பங்கிடுவோருக்கு இது பழைய கேள்வி.

அங்கே நீர்ப் பங்கீட்டுக்குப் பொறுப்பாக இருந்தவர் வட்டவிதானை. வாய்க்காலில் முறை வைத்து, எந்த வக்கடை (வயலுக்கு நீர் விடும் திறப்பு) எப்போது திறக்கும், எப்போது அடைபடும் என்று அவர் தீர்மானித்தார்; கூலி அறுவடை நெல்லில் கிடைத்தது. 1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை அமைந்து, இங்கினியாகலையில் அணை எழுந்து, சேனநாயக்க சமுத்திரம் நிறைந்தபோது, இனித் தண்ணீர்ச் சண்டையே இராது என்ற நம்பிக்கை பிறந்தது. 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் விதானைமாரின் வேலையைப் பயிர்ச்செய்கைக் குழுக்களிடம் ஒப்படைத்தது. ஆனாலும் அணையின் இடதுகரை வாய்க்காலில் தலைப்பக்கத்துக் காணிகளில் வெள்ளம் நிற்க, கடைசிக் காணிகள் வெடித்துக் கிடந்தன.

தண்ணீர் போதாததுதான் காரணம் என்பார்கள். ஆனால் 1981இல் குளம் நிறையாதிருந்த வேளையிலேயே நிலைமை மாறியது. கமநல ஆராய்ச்சி நிறுவனமும் கோர்னெல் பல்கலைக்கழகமும் அனுப்பிய இளம் அமைப்பாளர்கள் விவசாயிகளைச் சிறு குழுக்களாகச் சேர்த்தனர்; விவசாயிகள் வாய்க்கால் தூர்வாரி, முறை வைத்துப் பாய்ச்சினர். மேல்பகுதிச் சிங்கள விவசாயிகள் மிச்சம் பிடித்த நீரைக் கீழ்ப்பகுதித் தமிழ் விவசாயிகளுக்கு விட்டதும் நடந்தது. மனிதர் இணங்கலாம், ரவுட்டருக்கு மனமேது என்று கேட்கலாம். இணக்கம் மட்டும் போதியிருக்காது. முறையின் நீளமும் பொருந்த வேண்டும். அடிக்கடி முறை மாற்றினால், காய்ந்த வாய்க்கால் தரையே முதலில் நீரைக் குடித்துவிடும். ரவுட்டரிலும் தரவுப் பொதிகளை ஒவ்வொன்றாக மாற்றி மாற்றி அனுப்பினாலும் பங்கு சமமாகும், ஆனால் அவை வரிசை தப்பிச் சேர, தொலைபேசிப் பேச்சு உடையும். முகவரியோடு போர்ட் எண்ணையும் கணக்கில் சேர்ப்பது இடைவழி; இரு கணினிகளுக்கிடையே பல தொடர்புகள் இருந்தால் அவை பிரிந்து போகும், ஒரே பெரும் தொடர்பாக இருந்தால் அதுவும் உதவாது. எந்த முறையைத் தேர்ந்தாலும் அது சரியா என்பதை மதகில் நின்று சொல்ல முடியாது. கடைசிக் காணிக்கு என்ன போய்ச் சேர்ந்தது என்று அளந்த பிறகே பங்கீட்டைத் திருத்தலாம்.