மரப்பெட்டியா, விளையாட்டா? - ஆர்கேட் மெஷினின் கதை

பி.காம். படிக்கிறவனுக்கு எதைப் பார்த்தாலும் இருப்புநிலைக் குறிப்புதான் ஞாபகத்துக்கு வரும். இது நிலைச் சொத்தா, சரக்கிருப்பா? காசு போட்டு விளையாடும் ஆர்கேட் மெஷின்களைப் பற்றிப் படித்தபோதும் அதே கேள்விதான் வந்தது. அந்த ஆளுயரப் பெட்டியில் எது சொத்து? உள்ளே ஓடும் விளையாட்டா, வெளியே நிற்கும் மரமா? விளையாட்டுதான் என்று பட்டென்று சொல்லிவிடுவோம். வரலாறு வேறு மாதிரி சொல்கிறது.

1971-இல் அமெரிக்காவில் வந்த 'கம்ப்யூட்டர் ஸ்பேஸ்' என்ற மெஷினுக்கு மரப்பெட்டி கிடையாது. நோலன் புஷ்னெல் களிமண்ணில் ஒரு மாதிரி செய்ய, அதை ஃபைபர்கிளாஸில் வார்த்தார்கள். வளைவும் நெளிவுமாகப் பார்க்க அழகுதான், ஆனால் பெரிய வெற்றி இல்லை. அடுத்த வருடம் அவருடைய அடாரி நிறுவனத்தில் ஆலன் அல்கார்ன் 'பாங்' விளையாட்டைச் செய்தார். அதன் முதல் மாதிரி என்ன தெரியுமா? கடையில் வாங்கிய கருப்பு வெள்ளை டி.வி. ஒன்று, அதைச் சுற்றி ஒரு மரப்பெட்டி. அவ்வளவுதான்! கலிஃபோர்னியாவில் சன்னிவேல் ஊரின் ஒரு மதுக்கூடத்தில் அதை வைத்தார்கள். கொஞ்ச நாளில் மெஷின் ரிப்பேர் என்று ஆள் அனுப்பச் சொன்னார்கள். போய்த் திறந்து பார்த்தால், காசு நிரம்பி வழிந்து அடைத்துக்கொண்டிருக்கிறது :)

அதற்குப் பிறகு மரப்பெட்டிதான் வழக்கமாகிவிட்டது. இப்போது அந்தச் 'சொத்து' விஷயத்துக்கு வருவோம்.

நின்டெண்டோ 1980-இல் 'ரேடார் ஸ்கோப்' என்ற விளையாட்டைக் கொண்டுவந்தது. அமெரிக்காவுக்கு ஏறத்தாழ 3000 மெஷின்கள் கப்பலில் போயின. விற்றது 1000 போல. மீதி 2000 கிடங்கில் முடங்கின. கம்பெனியே மூழ்கும் நிலை. அப்போது ஷிகெரு மியாமோட்டோ என்ற இளைஞர் அதே பெட்டிகளில் ஓடும்படி ஒரு புது விளையாட்டை வடிவமைத்தார். அமெரிக்கக் கிளையின் தலைவர் மினோரு அரகாவா, அவர் மனைவி, விரல்விட்டு எண்ணக்கூடிய சில ஊழியர்கள் சேர்ந்து கையாலேயே உள்ளிருந்த போர்டுகளை மாற்றினார்கள். 1981-இல் வெளிவந்த அந்த விளையாட்டுதான் 'டாங்கி காங்'. செத்த சரக்கு என்று நினைத்த மரப்பெட்டிதான் கம்பெனியைக் காப்பாற்றியது!

1985-இல் ஜப்பானில் 'ஜாமா' என்ற பொதுத் தரம் வந்ததும் இது இன்னும் எளிதாகிவிட்டது. 56 முனைகள் கொண்ட ஒரே மாதிரி இணைப்பு. பழைய போர்டைப் பிடுங்கிப் புதியதைச் செருகினால் வேறு விளையாட்டு. அதாவது பெட்டி நிலைச் சொத்து, விளையாட்டு மாறிக்கொண்டே இருக்கும் சரக்கு.

1997-இல் கணக்கு தலைகீழானது. இத்தாலியரான நிக்கோலா சல்மோரியா 'மேம்' என்ற மென்பொருளை வெளியிட்டார். பழைய ஆர்கேட் விளையாட்டுகள் வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே ஓடின (அந்த விளையாட்டுகளுக்குப் பதிப்புரிமை உண்டு என்பது தனி வழக்கு). விளையாட்டு கிடைத்துவிட்டது. ஆனால் நாற்காலியில் உட்கார்ந்து கீபோர்டைத் தட்டினால் அந்தச் சுகம் வரவில்லை. நின்றுகொண்டு, ஜாய்ஸ்டிக்கைப் பிடித்து, பட்டனைக் குத்த வேண்டும். அதற்குப் பெட்டி வேண்டுமே?

இங்கேதான் ஒரு சண்டை ஆரம்பித்தது. சிலர் பழைய அசல் மெஷின்களை வாங்கி, உள்ளே இருந்ததையெல்லாம் எடுத்துப் போட்டுவிட்டுக் கம்ப்யூட்டரை வைத்தார்கள். சேகரிப்பாளர்கள் கொதித்தார்கள். மென்பொருளை எத்தனை பிரதி வேண்டுமானாலும் எடுக்கலாம். 1981-ஆம் வருடத்துப் பெட்டி ஒன்று போனால் போனதுதான். அவர்கள் கோபம் எனக்கு நியாயமாகவே படுகிறது.

இன்னும் சிலர், ஸ்டூல் கூடச் செய்து பழகாதவர்கள், ரம்பத்தைக் கையில் எடுத்தார்கள். நல்லவேளையாக இந்தப் பெட்டி கற்றுக்குட்டிக்கும் கைகொடுக்கும். மேஜை, அலமாரி போல நுணுக்கமான மூட்டு வேலை தேவையில்லை. முக்கால் அங்குல பிளைவுட் அல்லது எம்.டி.எஃப். பலகையில் பக்கவாட்டு வடிவம் ஒன்றை வெட்டி, நன்றாகத் தேய்த்துச் சரிசெய்ய வேண்டும். பிறகு அதையே அச்சாக வைத்து இரண்டாவதை ரௌட்டரால் வெட்டினால் இரண்டும் ஒன்றுபோல வரும். உட்புறம் ரீப்பர் கட்டைகளைப் பசையும் ஸ்க்ரூவும் போட்டுப் பொருத்தி, குறுக்குப் பலகைகளை அதில் இணைப்பார்கள். எம்.டி.எஃப். விளிம்பில் முதலில் துளை போடாமல் ஸ்க்ரூ முடுக்கினால் பிளந்துவிடும். பலகையின் விளிம்பு நெடுக ஒரு காடி எடுத்து பிளாஸ்டிக் பட்டையை அடித்து ஏற்றிவிட்டால், வெட்டின கோணல்மாணலும் கொஞ்சம் மறைந்துவிடும் :)

பழைய டி.வி. குழாயை மட்டும் கற்றுக்குட்டி தொடக்கூடாது. மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் அதில் உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கும். சாதாரண எல்.சி.டி. மானிட்டர் போதும்.

கணக்குப் புத்தகப்படி அந்தப் பழைய பெட்டிகளின் மதிப்பு எப்போதோ தேய்மானத்தில் கழிந்து பூஜ்ஜியமாகியிருக்கும். ஆனால் அவற்றின் மதிப்பு தெரிந்தவர்கள், அசலைக் கிழிக்காமல் புதுப் பலகையை அளந்து வெட்டுகிறார்கள். கோணலாக வந்தாலும் பரவாயில்லை. அந்தக் கோணலால் எங்கோ ஒரு பழைய மெஷின் பிழைத்துக்கொள்கிறது.