மணப்பெண்ணின் மௌனம் சொல்வது என்ன?

மனிதர் வாயால் மட்டும் பேசுவதில்லை. முகமும் மௌனமும் பேசும். ‘கன்னிப்பெண் வெட்கப்படுவாளே’ என்று ஆயிஷா (ரலி) அவர்கள் கேட்டபோது, அவளுடைய மௌனமே திருமணச் சம்மதம் என்று நபி (ஸல்) அவர்கள் விளக்கினார்கள்.

ஆனால் எல்லா மௌனமும் சம்மதமல்ல. பெண் கேலியாகச் சிரித்தாலோ, குரலெடுத்து அழுதாலோ அது சம்மதமாகாது என்கின்றன ஹனஃபி சட்ட நூல்கள். முன்பே மணமாகியிருந்த கன்ஸா பின்த் கிதாம் (ரலி) அவர்களை, விருப்பம் இல்லாமலே தந்தை மணமுடித்துக் கொடுத்தார். அவர் முறையிட்டதும் நபி (ஸல்) அவர்கள் அத்திருமணத்தை ரத்துச் செய்தார்கள்.

எனவே நிக்காஹ் தஃப்தரில் கையொப்பம் வாங்கும் நாள்வரை காத்திருக்காமல், பேச்சு தொடங்கும்போதே மகளைத் தனியே அமர்த்தி, மாப்பிள்ளையைப் பற்றிச் சொல்லி, முகம் பார்த்துக் கேட்போம். அச்சத்தில் வாயடைத்துப் போவது வெட்கமல்ல. ‘வேண்டாம்’ என்று சொல்ல அவளுக்கு இடமிருந்தால்தான், அவளது மௌனத்துக்குச் சம்மதம் என்று பொருள்.