தமிழ்நாட்டில் பால்புதுமையர் வரலாறு

ஆண், பெண் என்ற வழக்கமான பிரிவுக்குள் அடங்காதவர்களையும், தம் பாலினத்தவரையே விரும்புபவர்களையும் சேர்த்துக் குறிக்கும் சொல் பால்புதுமையர். திருநங்கையர், திருநம்பியர், இடைப்பாலினத்தவர், தன்பால் ஈர்ப்பினர் ஆகியோர் இதில் அடங்குவர். தமிழ்நாட்டில் இவர்களின் அண்மைக்கால வரலாறு, மதிப்பான ஒரு பெயருக்கும் அரசுப் பதிவேட்டில் ஓர் இடத்துக்கும் நடந்த போராட்டமாகவே பெரும்பாலும் அமைந்துள்ளது.

பழைய நூல்களும் வழிபாடும்

பால் திரிந்தவர்களைக் குறிக்கும் பெயர்கள் உயர்திணையில் எவ்வாறு வழங்கும் என்பதற்குத் தொல்காப்பியச் சொல்லதிகாரம் இலக்கணம் கூறுகிறது. சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடிய பதினோர் ஆடல்களுள் ஒன்று, காமன் ஆடிய பேடு என்னும் ஆடல்.

கள்ளக்குறிச்சி மாவட்டம் கூவாகம் கூத்தாண்டவர் கோயிலில் ஆண்டுதோறும் சித்திரைத் திருவிழா நடக்கிறது. களப்பலியாகும் முன் அரவானைக் கண்ணன் மோகினி உருவில் மணந்தான் என்பது கதை. அதையொட்டித் திருநங்கையர் தாலி கட்டிக்கொண்டு, மறுநாள் அதை அறுத்து, வெள்ளைச் சேலை உடுத்தி அழுவர். 'அரவாணி' என்ற பெயர் இதிலிருந்து வந்ததே.

நூலிலும் கோயிலிலும் இருந்த இடம் வீட்டிலும் வேலையிலும் கிடைக்கவில்லை. 1860இல் ஆங்கிலேயர் இயற்றிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு தன்பால் உறவைக் குற்றமாக்கியது. உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6 அன்று அளித்த தீர்ப்பால்தான், வயது வந்தோர் மனமொத்துக் கொள்ளும் உறவு குற்றமல்ல என்றானது.

நல வாரியம்

2008 ஏப்ரல் 15 அன்று தமிழ்நாடு அரசு அரவாணிகள் நல வாரியத்தை அமைத்தது. பின்னர் 'திருநங்கை' என்ற சொல் அரசு வழக்கிலும் செய்தித்தாள்களிலும் நிலைபெற்றது. ஏப்ரல் 15 மாநிலத்தில் திருநங்கையர் நாளாகக் கொண்டாடப்படுகிறது. 2014இல் அதே நாளில்தான், தம் பாலினத்தைத் தாமே தீர்மானிக்கும் உரிமை திருநருக்கு உண்டு என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

கலையும் எழுத்தும்

மதுரையில் பிறந்த நர்த்தகி நடராஜ், தஞ்சாவூர் கிட்டப்பா பிள்ளையிடம் பரதநாட்டியம் பயின்றவர். 2019இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். அவ்விருதைப் பெற்ற முதல் திருநங்கை அவரே. லிவிங் ஸ்மைல் வித்யாவின் தன்வரலாறான 'நான் வித்யா' கன்னடத்தில் திரைப்படமாகி, அதன் நடிகருக்குத் தேசிய விருதைப் பெற்றுத் தந்தது. அ. ரேவதியின் 'வெள்ளை மொழி' என்னும் தன்வரலாற்றைத் திருச்சிராப்பள்ளி மாவட்டம் புத்தாநத்தத்திலுள்ள அடையாளம் பதிப்பகம் வெளியிட்டது.

நீதிமன்றத் தீர்ப்புகள்

ஒவ்வோர் உரிமைக்கும் பின்னால், மறுக்கப்பட்டும் திரும்பிப் போகாத ஒருவர் இருக்கிறார். சேலத்தைச் சேர்ந்த பிரித்திகா யாஷினி காவல் உதவி ஆய்வாளர் பணிக்கு விண்ணப்பித்தபோது, படிவத்தில் அவருக்குரிய பாலினப் பிரிவே இல்லை, விண்ணப்பம் தள்ளப்பட்டது. சென்னை உயர் நீதிமன்றம் 2015இல் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 2017இல் அவர் பணி ஆணை பெற்றார்.

தூத்துக்குடியில் ஓர் ஆணுக்கும் திருநங்கைக்கும் நடந்த திருமணத்தைப் பதிவு செய்ய அலுவலர் மறுத்தார். திருச்சிராப்பள்ளி உள்ளிட்ட மாவட்டங்களின் வழக்குகளை விசாரிக்கும் மதுரைக் கிளை, 2019 ஏப்ரல் 22 அன்று, இந்து திருமணச் சட்டத்தில் 'மணமகள்' என்ற சொல் திருநங்கையையும் குறிக்கும் என்றது. இடைப்பாலினக் குழந்தைகளுக்குப் பாலினத்தை மாற்றும் அறுவை சிகிச்சை கூடாது என்றும் அத்தீர்ப்பு கூறியது. அதே ஆண்டு தமிழ்நாடு அரசு அதற்குத் தடை விதித்தது.

2021இல், பெற்றோரின் எதிர்ப்புக்கு அஞ்சி மதுரையிலிருந்து சென்னைக்கு வந்த இரு இளம்பெண்கள் பாதுகாப்புக் கேட்டனர். வழக்கை விசாரித்த நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இது குறித்துத் தமக்கே தெளிவு போதாது என்று வெளிப்படையாகச் சொல்லி, உளவியலாளரிடம் கேட்டறிந்தார். பின்னர் பாலின ஈர்ப்பை 'மாற்றும்' சிகிச்சைகளைத் தடை செய்தார். அவ்வழக்கின் தொடர்ச்சியாக, இவர்களைக் கண்ணியமாகக் குறிக்கும் சொற்பட்டியலைத் தமிழ்நாடு அரசு 2022இல் வெளியிட்டது.

தன்பால் திருமணத்துக்குச் சட்ட ஏற்பு இன்னும் இல்லை. 2023 அக்டோபர் 17 அன்று உச்ச நீதிமன்றம் அதை ஏற்க மறுத்தது. ஆயினும் குடும்பம் அமைய திருமணம் ஒன்றே வழியல்ல என்று 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் கூறியது. பெற்றோர் வீட்டில் அடைத்து வைக்கப்பட்டிருந்த ஒரு பெண், தம் விருப்பப்படி தோழியுடன் செல்ல அத்தீர்ப்பு வழிசெய்தது.