மாவு வாங்கும் வீடுகள்

ஆட்டுக்கல் முன்னால் உட்கார்ந்தவர்களுக்குத்தான் தெரியும், இட்லி மாவு எவ்வளவு பெரிய வேலை என்று. ஒரு கை குழவியைச் சுற்றும். மறு கை, ஓரம் ஏறும் மாவைக் குழிக்குள் தள்ளிக்கொண்டே இருக்கும். உளுந்துக்குத் தண்ணீரைத் தெளித்துத் தெளித்துத்தான் ஆட்ட வேண்டும். ஒரு சொட்டு மாவைத் தண்ணீரில் விட்டால் மிதக்க வேண்டும். அதுவரை எழுந்திருக்க முடியாது. அதன்பிறகு அரிசி இருக்கிறது, அதுவோ உளுந்தைப்போல நான்கு பங்கு.

அந்தத் தோள்வலியிலிருந்துதான் ஒரு தொழில் பிறந்தது. பம்பும் மோட்டாரும் செய்து பழகிய கோவையில், 1955-இல் பி. சபாபதி மின்சார வெட் கிரைண்டரை உருவாக்கினார். கல் அதே கருங்கல்தான். சுற்றுவது மட்டும் மோட்டார். கவிழ்த்து மாவு எடுக்கும் டில்டிங் கிரைண்டர், சமையல் மேடையில் அடங்கும் டேபிள் டாப் என்று வீட்டுக்குத் தகுந்தபடி அது மாறிக்கொண்டே வந்தது. கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

கிரைண்டர் வாங்க முடியாதவர்கள் ஊறவைத்த அரிசியைத் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு, கூலிக்கு அரைக்கும் வீட்டு வாசலில் நின்றார்கள். ஊறவைக்கவும் நேரமில்லாதபோது மாவாகவே கேட்டார்கள். 'இங்கே இட்லி மாவு கிடைக்கும்' என்ற பலகை தெருவுக்குத் தெரு வந்தது இப்படித்தான். 2011-இல் தமிழக அரசு விலையில்லா கிரைண்டர் கொடுக்கத் தொடங்கிய பிறகும் அந்தப் பலகைகள் இறங்கவில்லை. கிரைண்டர் ஆட்டிக் கொடுக்கும். ஊறவைப்பதும் மாவை வழிப்பதும் கல்லைக் கழுவுவதும் பெண்கள் தலையில்தானே இருந்தன?

பெங்களூரில் கதை வேறு விதமாகப் போனது. இரண்டாம் உலகப் போரில் அரிசி கிடைக்காதபோது மாவள்ளி டிபன் ரூம்ஸ் (எம்.டி.ஆர்.) ரவை இட்லி போட்டது. நெருக்கடி நிலையின்போது விலைக் கட்டுப்பாட்டால் ஓட்டலை நடத்த முடியாமல் போகவே, அதே எம்.டி.ஆர். பொடியாகக் கலந்த மிக்ஸ் விற்கத் தொடங்கியது. பொடி கெடாது, தூரம் போகும். ஆனால் புளித்த மாவின் ருசிக்குப் பழகிய நாக்குக்கு அது ஈடாகவில்லை.

ஈரமாவை பாக்கெட்டில் அடைப்பதுதான் உண்மையான சிக்கல். அதற்கு உயிர் உண்டு. உள்ளே நுண்ணுயிர்கள் வாயுவை விட, பை உப்பும். வெயிலில் வைத்தால் வெடித்தும் போகும். பெங்களூரில் 2005-இல் பி.சி. முஸ்தபாவும் அவருடைய உறவினர்களும் சிறிய இடத்தில் ஐடி ஃப்ரெஷ் தொடங்கக் காரணம், ரப்பர் பேண்ட் போட்ட பையில் மாவு விற்பதைப் பார்த்ததுதான். அரைப்பதைவிட, குளிர் குறையாமல் கடைவரை கொண்டுபோய்ச் சேர்ப்பதே இந்தத் தொழிலின் பெரும்பாடு. புளிப்பை அடக்குவது குளிர்தான்.

இன்றைய கேட்பு இன்னும் மாறியிருக்கிறது. ராகி மாவு, கம்பு மாவு, சிறுதானிய மாவு வேண்டும். பதப்படுத்தும் பொருள் எதுவும் கலந்திருக்கக் கூடாது. அதே சமயம் பல நாள் தாங்கவும் வேண்டும். கடைசி இரண்டும் ஒன்றுக்கொன்று முரண். புளிக்காத மாவு வேண்டும் என்று நாம் பிடிவாதம் பிடித்தால், ஆலைக்காரர் எதையாவது சேர்க்கத்தான் செய்வார்.

ஆகவே மாவு வாங்கும்போது விலையைக் கேட்பதற்கு முன்னால், எப்போது அரைத்தது என்று கேளுங்கள். காலையில் அரைத்ததைக் காலையிலேயே விற்கிற அந்தத் தெருமுனை அம்மாவிடம் கேட்டால் நேரத்தோடு சொல்வார்.