இராயப்பேட்டையில் ஒரு சங்கம்

சாக்கிய பௌத்த சங்கத்தின் வரலாற்றைச் சொல்லத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் 1898-ல் தொடங்குவார்கள். அந்த ஆண்டில்தான் அயோத்திதாசப் பண்டிதர் பிரம்மஞான சபையின் கர்னல் ஆல்காட்டுடன் கொழும்புக்குப் போனார். மாளிகாகந்த வித்யோதயப் பிரிவேனாவில் சுமங்கல மகாதேரரிடம் பஞ்சசீலம் ஏற்றார். திரும்பி வந்து சென்னை இராயப்பேட்டையில் சங்கத்தை நிறுவினார். இந்த வரிசையில் படித்தால் ஆல்காட் காட்டிய வழியில் பண்டிதர் நடந்தார் என்ற எண்ணம் வந்துவிடும். ஆல்காட் செய்த உதவி பெரியது, மறக்கக் கூடாதது. ஆனால் பண்டிதரின் பௌத்தம் அவருக்குள் அதற்கு வெகுகாலம் முன்பே, தமிழ்ச் சுவடிகளிலிருந்து ஊறத் தொடங்கிவிட்டது.

1845 மே 20-ல் பிறந்த அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் காத்தவராயன். தமக்குத் தமிழும் மருத்துவமும் கற்பித்த வல்லக்காளத்தி அயோத்திதாசக் கவிராஜ பண்டிதரின் பெயரையே பின்னாளில் தம் பெயராக்கிக்கொண்டார். பாட்டனார் கந்தப்பன், ஆரிங்டன் என்ற ஆங்கிலேயரிடம் பட்லராக இருந்தவர். தம் வீட்டிலிருந்த திருக்குறள் ஏட்டை அவர் துரையிடம் கொடுத்தார் என்றும், அது எல்லீஸ் துரையின் கைக்குப் போய் அச்சேற வழி பிறந்தது என்றும் பண்டிதரே எழுதியிருக்கிறார். ஊருக்கு வெளியே தள்ளப்பட்ட மக்களின் வீட்டில் குறள் ஏடு எப்படி இருந்தது? கல்வி இல்லாதவர்கள் என்று சொல்லப்பட்டவர்கள் அதை ஏன் தலைமுறை தலைமுறையாகக் காத்தார்கள்? அவருடைய சிந்தனை முழுவதும் இந்தக் கேள்வியிலிருந்து கிளைத்தது என்பது என் கணிப்பு.

முதலில் அவர் போனது அத்வைதத்துக்கு. 1870-களில் நீலகிரியில் அத்வைதானந்த சபையை அமைத்தார். எல்லா உயிரிலும் இருப்பது ஒன்றே என்றால் சாதிக்கு இடம் ஏது என்ற நம்பிக்கை அதில் இருந்தது. ஆனால் தத்துவத்தில் இருந்த ஒருமை தெருவில் இல்லை. 1891-ல் திராவிட மகாஜன சபையைத் தொடங்கினார். மறு ஆண்டு, வேறோர் அமைப்பான சென்னை மகாஜன சபையின் கூட்டத்தில், எங்கள் மக்களை ஏன் விஷ்ணு கோயிலுக்குள் விடுவதில்லை என்று எழுந்து கேட்டார். உங்களுக்கு மதுரை வீரனும் காட்டேரியும் கருப்பண்ணசாமியும் இருக்கிறார்களே என்று அங்கே பதில் வந்தது. கோயில் பேச்சை அத்தோடு விட்டுவிட்டு, பிள்ளைகளுக்கு இலவசக் கல்வியும் தரிசு நிலமும் கேட்டார் பண்டிதர்.

அத்வைதம் கைவிட்ட பிறகு அவர் திரும்பியது பழைய நூல்களுக்கு. மணிமேகலையும் வீரசோழியமும் நிகண்டுகளும் அவர் கையில் சாட்சிகளாயின. புத்தமித்திரர் செய்த வீரசோழியம், அகத்தியர் தமிழைக் கற்றது போதிசத்துவரான அவலோகிதரிடம் என்று சொல்கிறது. இலக்கண நூலொன்று இப்படிச் சொல்லுமானால் தமிழும் பௌத்தமும் எவ்வளவு நெருங்கி வாழ்ந்திருக்க வேண்டும்! இங்கிருந்துதான் ‘பூர்வ பௌத்தர்’ என்ற கருத்துக்கு வந்தார். இன்று தாழ்த்தப்பட்டவர்கள் ஒருகாலத்தில் பௌத்தர்கள். தர்மத்தை விட மறுத்ததால் தாழ்த்தப்பட்டார்கள் என்றார். பண்டிகைகளையும் அதே கண்ணால் பார்த்தார். தீபாவளி எள்ளெண்ணெயின் பயனை மக்கள் அறிந்த நாள், கார்த்திகை தீபம் ஆமணக்கெண்ணெய் விளக்கேற்றிய நாள் என்று விளக்கினார். அந்த விளக்கத்தில் சித்த மருத்துவரின் கை தெரிகிறது. அவர் தந்த சொற்பிறப்புகளில் பல மொழிநூலார் முன் நிற்கமாட்டா. ஆனாலும், தம் மக்களுக்கு ஒரு வரலாறு உண்டு என்பதை அவர்களின் அடுப்படியிலிருந்தும் பண்டிகையிலிருந்தும் எடுத்துக் காட்டியவர் அவருக்கு முன் யார்?

சங்கம் வளர்ந்தது இந்த நம்பிக்கையால்தான். இராயப்பேட்டையில் சொற்பொழிவுகள் நடந்தன. கோலார் தங்கவயலின் மாரிக்குப்பம், பெங்களூர், திருப்பத்தூர், இரங்கூன், தென்னாப்பிரிக்காவின் நேட்டால் என்று கிளைகள் எழுந்தன. சுரங்கத்துக்கும் ரயில்வேக்கும் கடல் கடந்த கூலி வேலைக்கும் போன மக்கள் மூட்டையோடு சங்கத்தையும் கொண்டுபோனார்கள். பெயர் சூட்டலும் திருமணமும் சாவுச் சடங்கும் பௌத்த முறையில் நடந்தன.

இவர்களைச் சேர்த்துக் கட்டிய கயிறு ஒரு பத்திரிகை. 1907 ஜூன் 19-ல் நான்கு பக்கங்களோடு ‘ஒரு பைசாத் தமிழன்’ வெளிவந்தது. விலையே பெயராக இருந்தது. காலணாக் காசு கையில் உள்ள எவரும் வாங்கலாம். அடுத்த ஆண்டு ‘தமிழன்’ ஆயிற்று. அரசியல், மருத்துவம், குறளுரை, வாசகர் கேள்விக்குப் பதில் என எல்லாம் அதில் இருந்தன. புத்தர் வரலாறான ‘ஆதிவேதம்’ அதில்தான் தொடராக வந்தது. ஒருவர் படிக்கப் பலர் சுற்றி உட்கார்ந்து கேட்பது அந்நாளைய வழக்கம்.

சென்னைப் பௌத்தர்கள் எல்லோரும் ஒரே வழியில் நினைக்கவில்லை. அறிவியல் பேராசிரியர் லட்சுமி நரசு 1907-ல் ஆங்கிலத்தில் பௌத்த சாரம் பற்றி எழுதிய நூல் பகுத்தறிவின் மேல் நின்றது. சிங்காரவேலரும் அந்தப் பக்கமே. பண்டிதர் தமிழ் நூல்களையும் மக்களின் நினைவையும் முன்வைத்தார். கருத்து மோதல்கள் இருந்தன. சங்கத்துக்கு அவை நன்மையே செய்தன என்பேன்.

1914 மே 5-ல் பண்டிதர் மறைந்தார். மகன் பட்டாபிராமன் சிறிது காலம் இதழை நடத்தினார். 1926 முதல் கோலாரிலிருந்து அப்பாதுரையார் அதற்கு மீண்டும் உயிர் கொடுத்தார். 1948-ல் லட்சுமி நரசுவின் நூல் மறுபதிப்பானபோது முன்னுரை எழுதியவர் அண்ணல் அம்பேத்கர். தீண்டாமைக்கு ஆளானவர்கள் முன்பு பௌத்தர்களாக இருந்தவர்கள் என்று வாதிட்ட அவருடைய நூல் வெளிவந்ததும் அதே ஆண்டில்தான். நாகபுரியில் அவர் தீட்சை பெற்ற 1956-க்கும் பண்டிதரின் கொழும்புப் பயணத்துக்கும் இடையே 58 ஆண்டுகள்.

ஞான அலாய்சியஸ் தொகுத்த பண்டிதரின் எழுத்துகளைப் பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் 1999-ல் வெளியிட்ட பிறகே தமிழுலகம் அவரை மறுபடி படித்தது. ஆனால் ஒரு சங்கத்தின் கதை தலைவரின் எழுத்தோடு முடிவதில்லை. தங்கவயலிலும் திருப்பத்தூரிலும் இரங்கூனிலிருந்து திரும்பிய குடும்பங்களிலும் பழைய பெட்டிகள் இருக்கும். அவற்றில் ‘தமிழன்’ இதழ் ஒன்றோ, பௌத்தத் திருமண அழைப்போ, கிளைச் சங்கத்தின் வரவு செலவுக் குறிப்போ கிடந்தால் பழைய காகிதம் என்று எடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஒரு நகல் எடுத்து அருகிலுள்ள நூலகத்தில் கொடுங்கள்.